எல்பே கரையில் செக்வே ஓட்டிய ஞாயிறு

"உங்களில் யாராவது கர்ப்பமாக இருக்கிறீர்களா?"

வழிகாட்டி அம்மா ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டபோது வரிசையில் நின்ற பெண்கள் இரண்டே பேர். ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர், கணவரோடு வந்திருந்தார். இன்னொருத்தி நான். கேள்வி யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அம்மாவின் பார்வையும் என் மேல்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற எங்கள் மேனேஜர் சிரித்துவிட்டார். "நோ, நோ. ஷி இஸ் பெர்ஃபெக்ட்லி ஆல்ரைட்," என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு ஹெல்மெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கேள்வி வந்தது, பதிலும் போய்விட்டது. நடுவில் என்னை யாரும் கேட்கவில்லை.

இது நடந்தது ஜெர்மனியில், எல்பே ஆற்றின் இரண்டு கரையிலும் பரந்து கிடக்கிற ஒரு பழைய நகரத்தில். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். பாகங்களைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிற ஒரு கிரைண்டிங் மெஷினைக் கம்பெனி புதிதாக வாங்கியிருந்தது. அதைக் கப்பல் ஏற்றும் முன்னால், செய்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்து, வெளியே வருகிற பாகங்களை அளந்து, சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்காக மூன்று பேர் போயிருந்தோம். மேனேஜர், மெஷின் ஷாப் சூப்பர்வைசர், நான். சூப்பர்வைசரை ஃபேக்டரியில் எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். கிருஷ்ணகிரிக்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதிகம் பேச மாட்டார்.

அந்தப் பயணம் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. "லேடி ஸ்டாஃபைக் கூட்டிட்டுப் போனா எல்லாத்துக்கும் தனியா ஏற்பாடு பண்ணணும்," என்று மேனேஜர் முதலில் என் பெயரை அடித்துவிட்டார். அளவு பார்க்கிற வேலை முழுக்க என்னுடையது, நான் இல்லாமல் போய் என்ன செய்வீர்கள் என்று பிளாண்ட் தலைவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அப்புறம்தான் பெயர் திரும்ப வந்தது. அது ஆர்டர்கள் குறைந்துபோன காலம். காண்ட்ராக்ட் ஆட்களை முன்பே நிறுத்தியிருந்தார்கள். அடுத்து யார் என்று தெரியாமல் கேன்டீனில் எல்லாரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் "இவங்களால முடியாது" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஜெர்மனிக்குப் போய் இறங்கிய வாரத்தில் எனக்கு வர வேண்டிய நாள் வரவில்லை. பயணம், குளிர், சாப்பாடு மாறியது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் வரவில்லை. காலையில் பிரெட்டின் வாசனை குமட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்திருந்தது. முதல் முறை வீட்டிலேயே. இரண்டாவது முறை பஸ்ஸில். கணவரின் ஊர் பாரூர். ஏதோ விசேஷத்துக்காக இருவரும் ஓசூரிலிருந்து கிளம்பினோம். உட்கார இடமில்லை. சூளகிரி தாண்டியதும் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரம் உணர்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் கூட்டத்தில் முன்பக்கம் மாட்டியிருந்தார். அவரைக் கூப்பிட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். கிருஷ்ணகிரி வரும் வரைக்கும் புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நின்றேன். "ஸ்கூட்டி ஓட்டாத, ஓட்டாதன்னு தலையால அடிச்சிக்கிட்டன், கேட்டாளா?" என்று மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் கேட்கிற மாதிரி அழுதார். வண்டி ஓட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் டாக்டரை நம்பினேன். ஆனால் அந்த ஸ்கூட்டியை அதற்கப்புறம் தொடவில்லை.

மூன்றாவது முறை நிச்சயமாகத் தெரியும் வரைக்கும் யாருடைய முகத்திலும் சந்தோஷத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்தால், பிறகு அது வடிவதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெஷின் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு மரியாதை செய்யும் விதமாக ஊர் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பது என்றே நான் நினைத்தேன். ஆற்றங்கரைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி, இவ்வளவே உள்ள வண்டிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. செக்வே. ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பிரேக் கிடையாது.

"பிரேக் இல்லாத வண்டியா?" என்று பாய் தமிழில் முணுமுணுத்தார்.

வழிகாட்டி அம்மாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். குரல் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சரைப் போல இருந்தது. ஒவ்வொருவரையும் கைப்பிடித்து ஏற்றி, கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் வட்டமடிக்க வைத்தார். மேனேஜர் இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டார். பாய் மரக்கட்டை மாதிரி நின்றார். வண்டியும் அவருக்குக் கீழே நடுங்கியபடி நின்றது.

என் முறை வந்தது. பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றேன்.

"வாங்கம்மா, ஏன் பயந்துக்கிட்டு நிக்கிறீக? ஸ்கூட்டி ஓட்டுனவுகதானே நீங்க?" என்றார் மேனேஜர். மதுரைப் பக்கத்துக்காரர், எத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "பாயே ஏறிட்டாரு. நம்ம லேடீஸ் எல்லாம் இதுக்கே பின்வாங்கினா எப்படி?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேலி ஓசூருக்குத் திரும்பிப் போய், மீட்டிங் அறையில், வேறு குரலில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருக்கா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்காக இறங்கி நிற்பதா என்றும் ஒரு எண்ணம். இரண்டாவது காலையும் வைத்தேன்.

அந்த வண்டியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும், அது உடம்பை எவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்பது. மூச்சை இழுத்தால்கூட ஒரு விரல் அளவு நகர்கிறது. பயந்து பின்னால் ஒதுங்கினால் பின்னாலேயே போகிறது. எனக்கு மறைக்க ஒன்று இருந்தது. அந்த வண்டியோ எதையும் மறைக்க விடாது. நான் தயங்கிய ஒவ்வொரு தடவையும் அது தயங்கி, ஆறு பேர் கொண்ட எங்கள் வரிசையில் எனக்கும் முன்னால் போகிறவருக்கும் இடைவெளி விழுந்தது. எல்லாருக்கும் காதில் ஒரு இயர்போன் மாட்டிவிட்டிருந்தார்கள். வழிகாட்டி அம்மாவின் குரல் அதில் வந்துகொண்டே இருந்தது. இந்த மாடம் எந்த ராஜா கட்டியது, போரில் எது எரிந்தது, எந்தக் கல் பழையது, எது புதியது. நடுநடுவே, "இந்தியாவிலிருந்து வந்த பெண்மணி, கொஞ்சம் நெருங்கி வாருங்கள்."

பழைய நகரத்தின் தெருக்கள் முழுக்கக் கருங்கல் பாவியவை. எல்லாரும் அழகு என்று படம் எடுக்கிற கற்கள். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் பலகை வழியாக ஏறி, குதிகாலில் இறங்கி, முழங்காலில் நின்றது. முழங்காலை மடக்கி அதிர்ச்சியை அங்கேயே வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். தேவாலயம், கோபுரம், பொன் பூசிய சிலை எதையும் நான் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு அடித் தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். இன்றைக்கு யாராவது அந்த நகரத்தைப் பற்றிக் கேட்டால், தரை எப்படி இருந்தது என்று மட்டும் என்னால் விளக்கமாகச் சொல்ல முடியும்.

பாலத்துக்கு வந்தோம். நடுவில் டிராம் ஓடுகிற கல் பாலம். கீழே எல்பே அகலமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் போனது. பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் வைத்த பழைய நீராவிப் படகு ஒன்று கரையில் நின்றது. காற்று பக்கவாட்டில் அடித்தது. பின்னால் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு வர, தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் இடையில் இருந்த குறுகிய தடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். அந்த மணிச் சத்தத்தில் என் உடம்பு தன்னால் முன்னுக்குச் சாய்ந்தது. வண்டி பாய்ந்தது. பயந்து பின்னால் இழுத்தேன், குலுங்கி நின்றது. அப்போதுதான் அடிவயிற்றில் அந்த வலி வந்தது. பெரிய வலி இல்லை. உள்ளே யாரோ ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரி. எனக்கு அந்த நூலைத் தெரியும்.

பாய் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். "மேடம், என்னா ஆச்சி? மூஞ்சி வெளுத்துப் போச்சே," என்றார்.

"ஒண்ணுமில்ல பாய். டிராம் சத்தத்துல பயந்துட்டன்."

"நின்னுக்கலாமா?"

"வேணாம். போலாம்."

ஏன் வேண்டாம் என்றேன்? பாலத்தின் நடுவில் நிற்க முடியாது என்பது ஒரு காரணம். மேனேஜர் அக்கரையில் நின்று கேமராவைத் தூக்கி எங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்பது இன்னொன்று. அந்தப் படம் இப்போதும் எங்கோ இருக்கும். அதில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

பாலம் முடிந்ததும் பாதை சரிவாக ஆற்றோரப் புல்வெளிக்கு இறங்கியது. வழிகாட்டி அம்மா காதுக்குள் எச்சரித்தார். சரிவில் பின்னால் சாய்ந்து மெதுவாக வாருங்கள், இடைவெளி விடுங்கள், யாரும் படம் எடுக்காதீர்கள். அவரும் அந்த வயதான தம்பதியும் இறங்கிப் போனார்கள். அடுத்து மேனேஜர். அவருக்குப் பின்னால் நான்.

அவர் பாதிச் சரிவில் ஒரு கையை எடுத்துப் பின்னால் திரும்பினார். "இங்க பாருங்கம்மா!" என்று சொன்னதும், அவருடைய சக்கரம் பாதையோரக் கல்லில் இடித்ததும், அவர் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக விழுந்ததும் ஒரே நொடியில் நடந்தது. பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தார். நான் நேராக அவர் மேல் போய்க்கொண்டிருந்தேன்.

முழு உடம்பையும் பின்னால் சாய்த்தேன். வண்டி நின்றது போல நின்று, நடுங்கி, மறுபடி வழுக்கியது. அப்போது எனக்குள் யோசனை எதுவும் ஓடவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்பக்கமாக இறங்கிவிட்டேன். இரண்டு கால்களும் தரையில் பட்டன. தடுமாறினேன், ஆனால் விழவில்லை. ஆளில்லாத வண்டி கொஞ்ச தூரம் குடிகாரனைப் போலத் தள்ளாடிப் போய், மேனேஜரின் காலைத் தொடாமல், கைப்பிடிச் சுவரில் மோதிச் சாய்ந்தது.

வழிகாட்டி அம்மா மேலே ஓடி வந்தார். மேனேஜரை எழுப்பினார். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கவே கூடாது என்று சொன்னேனா இல்லையா? காலை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். வாருங்கள், திரும்ப ஏறுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்."

"நான் ஏற மாட்டேன்," என்றேன்.

"பயப்படாதீர்கள். ஒரு முறை ஏறினால் பயம் போய்விடும்."

"பயமில்லை. நான் கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். தமிழில் என்றால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்காது. ஆனால் அதைக் கேட்ட நான்கு காதுகள் தமிழ்க் காதுகள். பாய் பார்வையை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். மேனேஜர் வீங்கிய கையை இன்னொரு கையால் பிடித்தபடி என்னையே பார்த்தார். என் கணவருக்குத் தெரியாத சேதி, எங்கள் வீடுகளில் எவருக்கும் தெரியாத சேதி, முதலில் அந்தச் சரிவில் நின்ற ஜெர்மன்கார அம்மாவுக்கும் என் ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த அம்மாவின் முகம் மாறியது. ஆனால் குரல் தணியவில்லை. "நான் கேட்டேனே," என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். யார் பதில் சொன்னது என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார். "வலிக்கிறதா? ரத்தம் போகிறதா? ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் வலி. ரத்தம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வேண்டாம்."

வேண்டாம் என்றதற்கும் காரணம் தெரியவில்லை. ஒருவேளை, ஆஸ்பத்திரி வராந்தா என்றாலே எனக்கு வேறொன்று ஞாபகம் வருவதால் இருக்கலாம். அந்த அம்மா யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைகளும் மூடியிருக்கும், ஆனால் ஏதாவது ஒரு மருந்துக்கடை முறைவைத்துத் திறந்திருக்கும் என்றார். யாருக்கோ போன் செய்து விசாரித்தார். இந்தக் கரையிலேயே, டிராம் நிறுத்தத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முதலில் சோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள், ரத்தம் பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஆம்புலன்ஸ் எண்ணை என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

"நான் இவுங்களோட நடக்குறன் சார்," என்று பாய் மேனேஜரிடம் சொன்னார். அனுமதி கேட்கிற குரல் இல்லை. வண்டியை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு வந்து வழிகாட்டி அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா," என்று மட்டும் சொன்னார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

பாயும் நானும் நடந்தோம். தெரு காலியாக இருந்தது. மாடி ஜன்னல்களில் பூந்தொட்டிகள். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தேன். வலி வந்தது, போனது. உள்ளே ஈரம் தெரிகிறதா என்று கவனித்துக்கொண்டே நடந்ததில் பாய் பேசியது பாதி காதில் விழவில்லை.

"எங்க வூட்ல அஞ்சு வருசம் கழிச்சிதாம்மா மொத புள்ள," என்றார் திடீரென்று. அதுவரை மேடம் என்றவர் அம்மா என்றார். "அதுக்கு முன்னால மூணு போச்சி. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. என்கிட்டயும் சொல்ல மாட்டா. ஒரு நாளு சோத்தப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துக்கினு அழுவுறா. அப்பதான் எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. நாலாவது தங்கிச்சி. ஏன் தங்கிச்சின்னு எந்த டாக்டரும் சொல்லல. மொத மூணு ஏன் போச்சின்னும் சொல்லல." கொஞ்ச தூரம் போனதும், "அவரு கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல பாய்."

அவர் எனக்காக நடையை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையின் கதவு மூடியிருந்தது. கதவில் சின்னதாக ஒரு ஜன்னல் மட்டும், பக்கத்தில் ஒரு மணி. பாய் அழுத்தினார். உள்ளிருந்து ஒரு வயதான மருந்தாளுநர் எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வரவில்லை. நான் சொன்னது புரியாமல் பாயைப் பார்த்தார். பாய் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் வைத்துப் பெரிதாக வளைத்துக் காட்டிவிட்டு, கையை விரித்து, இருக்குதா இல்லையா என்கிற மாதிரி ஆட்டினார். மருந்தாளுநருக்கு உடனே புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாகி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாயின் கையைக் குலுக்கினார். பாய் பதறிப்போனார். "நோ, நோ! சிஸ்டர், சிஸ்டர்!" என்று கத்தினார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு இழுத்தது, உடனே நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு காபிக்கடை திறந்திருந்தது. பாய் வெளியே மேஜையில் உட்கார்ந்தார். நான் உள்ளே கழிப்பறைக்குப் போனேன். முதலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு சோதனைக் குச்சியை வைத்துவிட்டு, பார்க்காமல் சுவரில் இருந்த நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ கதவைத் தட்டி ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார்கள். தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். குச்சியைத் திருப்பினேன். இரண்டு கோடு.

சந்தோஷம் வரவில்லை. இதை நான் உள்ளபடியே எழுத வேண்டும். வந்தது பயம் மட்டும்தான். கடந்த ஒரு மணி நேரத்தில் என் உடம்பு வாங்கிய ஒவ்வொரு கல்லும் வரிசையாக நினைவுக்கு வந்தது. அதுவரை இருக்கலாம் என்று இருந்தது, இப்போது இருக்கிறது. இருக்கிற ஒன்றுதான் போக முடியும்.

வெளியே வந்ததும் பாய் எழுந்து நின்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அல்லா காப்பாத்துவான். உக்காரும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கம்பெனி கொடுத்திருந்த செல்போனை என் முன்னால் வைத்துவிட்டு, தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அங்கே மதியம் என்றால் ஓசூரில் பொழுது சாயும் நேரம். கணவர் பாரூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். எடுத்தார். என்ஜின் சத்தம், கண்டக்டரின் விசில், பின்னால் யாரோ தெலுங்கில் சத்தமாகப் பேசுகிறார்கள்.

"என்னங்க, நான்தான்."

"சொல்லு, கேக்கல. சத்தமாப் பேசு."

"தங்கியிருக்குதுங்க."

"எங்க தங்கியிருக்க? ஓட்டல மாத்திட்டாங்களா?"

ஆளில்லாத அந்தத் தெருவில் எழுந்து நின்று கத்தினேன். "நாள் தள்ளிப் போயிருக்குதுங்க! டெஸ்ட் பண்ணிட்டன். இருக்குது!"

அவர் குரல், என்னிடம் இல்லை: "ஹோல்டான், ஹோல்டான். நிறுத்துப்பா, எறங்கணும்." கண்டக்டர் இங்கே ஸ்டாப்பிங் இல்லை என்று சத்தம் போட்டார். பஸ் நின்றது, போனது. இப்போது நெடுஞ்சாலை லாரிகளின் சத்தம்.

"எறங்கிட்டன். இப்ப சொல்லு. எங்க இருக்க, யார் கூட இருக்க, வலி இருக்குதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, பாலம், சரிவு, வலி. வண்டியில் ஏறியதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரைக்கும் கேட்டார். "எறங்கிட்ட இல்ல? எறங்கிட்ட. அது போதும். இனிமே அங்க நீ எதுலயும் ஏறாத. ரூமுக்குப் போயி படு. அம்மாகிட்ட நான் இப்பச் சொல்லல." அவரும் பயந்திருந்தார். மூச்சு வாங்கியது கேட்டது. எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். "தெரியல. ஒரு ரோஜாத் தோட்டம் இருக்குது," என்றார்.

பாயும் நானும் டாக்ஸியில் ஓட்டலுக்குத் திரும்பினோம். இரவு வரைக்கும் படுத்திருந்தேன். வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒவ்வொரு முறை எழுந்து போய்ப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். மேனேஜர் கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார். அளவு பார்க்கிற மேஜைக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி அவரே ஜெர்மன்காரர்களிடம் கேட்டார். என்னிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. மீதி இருந்த வேலையை உட்கார்ந்தே முடித்தேன். இரண்டு பாகங்கள் அளவு மீறியிருந்தன, மெஷினைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அவர்கள் முனகினார்கள். மேனேஜரும் விட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வெளிநாட்டு வேலை வந்தபோது என்னைக் கேட்காமலேயே வேறொருவரை எழுதிக் கொடுத்தார் மேனேஜர். "அவுகளுக்கு இப்ப சிரமம்," என்று மீட்டிங்கில் சொன்னாராம். அந்த நேரத்தில் என்னால் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் மறுபடியும் எனக்குப் பதில் அவர்தான் சொல்லியிருந்தார். இந்த முறை அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "சார், என்னைப் பத்தின கேள்வின்னா என்கிட்ட கேளுங்க," என்றேன். மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்கியபடி "சரிம்மா" என்றார். அதற்கப்புறம் கேட்டார். சில சமயம் மறந்தும் போனார்.

திரும்பி வந்த வாரத்திலேயே ஸ்கேனுக்குப் போனோம். ஓசூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன கிளினிக். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற டாக்டரம்மா. கணவரை உள்ளே விட்டார்கள். அவர் என் தலைமாட்டில் நின்றார். டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து அழுத்தி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. இடம் மாற்றினார். மறுபடி பார்த்தார். போன முறையும் இதே கிளினிக், இதே மௌனம். என் கணவரின் கை என் தோளில் இறுகியது. நான் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"மூச்ச இழுத்துப் புடிக்காதீங்கம்மா, எனக்கு எல்லாம் ஆடுது," என்றார் அவர்.

மூச்சை விட்டேன்.

"ஆங். இப்ப பாருங்க." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற மூட்டத்துக்கு நடுவில் அரிசி அளவுக்கு ஒன்று. அதற்குள் ஒரு புள்ளி விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குது. ஜாக்கிரதையா இருக்கணும், ஆனா பயப்பட வேணாம்."

கணவர் வெளியே போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. படிக்கட்டில் நின்று போன் போட்டார். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் கத்துவது எனக்கு உள்ளே கேட்டது. "அம்மா, கேக்குதா? நான்தாம்மா. இல்ல, இல்ல, ஒண்ணும் ஆவல. நல்ல சேதிதான். அழுவாத, மொதல்ல கேளு!"